கட்டி முடித்த லோன் சிபிலில் பாக்கியாக நிற்கிறதா? 30 நாள் கெடு, நாளுக்கு ரூ.100 இழப்பீடு... சட்டம் சொல்வது என்ன?

'உங்க சிபில்ல ஒரு லோன் பாக்கி காட்டுது. அதை க்ளியர் பண்ணிட்டு வாங்க.'

பைக் ஷோரூமிலோ, மொபைல் கடையிலோ, வங்கி கவுன்டரிலோ இந்த வார்த்தையைக் கேட்டுத் திரும்பி வருபவர்கள் நிறைய பேர். கடனை உண்மையிலேயே கட்டாதவர்களுக்கு இதில் அதிர்ச்சி இல்லை. எப்போதோ கட்டி முடித்தவர்களுக்குத்தான் அதிர்ச்சி. சிலர் அந்தக் கடனை வாங்கியே இருக்க மாட்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என நீளும் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு இது ரொம்பவே நெருக்கமான விஷயம். முதல் சம்பளம் வந்ததும் முதல் மொபைல் இஎம்ஐ, அடுத்த வருஷம் பைக் லோன், அதன்பிறகு தங்கையின் கல்யாணத்துக்கு பர்சனல் லோன் என்று கடன் வாழ்க்கை 20 வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறது. இதில் ஒரு பதிவு தவறாக ஏறினாலும் அடுத்த கதவு மூடிக்கொள்ளும்.

இந்தத் தவறைத் திருத்தச் சொல்லி கேட்பது உங்கள் சட்ட உரிமை. ஆனால் அந்த உரிமையை எந்த வாசலில் போய்க் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சிபிலோடு மட்டும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். சட்டப்படி திருத்தத்தின் சாவி இருப்பது வேறொருவர் கையில். அது யார், எத்தனை நாள் கெடு, கெடு தவறினால் என்ன கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிபில் என்பது யார்?

'சிபில்' என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அது ஒரு நிறுவனத்தின் பெயர்தான். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இயங்கும் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க்.

இவை கடன் கொடுப்பதில்லை. உங்களுக்குக் கடன் கொடுக்கச் சொல்வதோ, கொடுக்காதே என்று தடுப்பதோ இல்லை. வங்கிகளும் ஃபைனான்ஸ் நிறுவனங்களும் அனுப்புகிற தகவலைச் சேர்த்து வைத்து, கேட்கும்போது அறிக்கையாகத் தருகின்றன. அந்தத் தகவலை வைத்துக் கணக்கிடுவதுதான் 300 முதல் 900 வரையிலான ஸ்கோர்.

வங்கிகளும் ஃபைனான்ஸ் நிறுவனங்களும் இந்த நான்கிலுமே உறுப்பினராக இருக்க வேண்டும் என்று 2015 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதனால் உங்கள் கடன் விவரம் ஒரு இடத்தில் மட்டும் இல்லை, நான்கு இடத்திலும் இருக்கும். தவறும் நான்கு இடத்தில் இருக்கலாம். ஒன்றில் சரியாகவும் இன்னொன்றில் தவறாகவும்கூட இருக்கலாம்.

இந்த ஏற்பாடு முழுவதற்கும் அடிப்படை, 'கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005'. 2006 டிசம்பரில் இது நடைமுறைக்கு வந்தது.

தொழிற்பேட்டைக்காரர்கள் ஏன் கூடுதல் கவனமாக இருக்கணும்?

ஒருவரின் பெயர், பிறந்த தேதி, பான் எண், மொபைல் எண், முகவரி ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்துத்தான் 'இந்தக் கடன் இன்னாருடையது' என்று பதிவு சேர்க்கப்படுகிறது. தொழிற்பேட்டை வாழ்க்கையில் இந்த ஐந்தில் பல ஆட்டம் காண்கின்றன.

முதலில் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் 'கே. முருகன்', பான் கார்டில் 'முருகன் கே', வங்கிக் கணக்கில் அப்பா பெயரை விரித்து 'முருகன் கந்தசாமி' என்று மூன்று விதமாக இருப்பது தமிழ்நாட்டில் சர்வ சாதாரணம். படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று கடைக்காரர் யோசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே பெயரில் பலர் இருக்கும் ஊரில், இது ஒருவர் கடன் இன்னொருவர் கணக்கில் ஏற வழி செய்கிறது.

அடுத்து முகவரி. விடுதியிலும் வாடகை அறையிலும் ஒரே முகவரியில் பலர் தங்குகிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதி மட்டுமே 18,720 பேர் தங்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியதும் முகவரியோடு சிம் கார்டும் மாறிவிடும். வங்கி அனுப்பும் எச்சரிக்கை எஸ்எம்எஸ் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும்.

மூன்றாவது, சம்பளத் தேதி. கான்ட்ராக்டர் 10ஆம் தேதி சம்பளம் போடுகிறார், இஎம்ஐ 5ஆம் தேதி எடுக்கிறார்கள் என்றால் மாதாமாதம் ஐந்து நாள் தாமதம் பதிவாகும். வருமானம் ஒரேயடியாக நிற்கும் காலமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கிய சாம்சங் வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. ஆலை நின்றாலும் வேலைநிறுத்தம் நடந்தாலும் இஎம்ஐ தேதி மட்டும் நிற்பதில்லை.

இந்த மூன்றில் முதல் இரண்டும் தவறான பதிவுக்கு வழி செய்பவை. மூன்றாவது அப்படி இல்லை. அது வருத்தமான பதிவு, ஆனால் உண்மையான பதிவு. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

எதைத் திருத்தச் சொல்லலாம்? எதைச் சொல்ல முடியாது?

திருத்தக் கேட்கக்கூடியவை:

* முழுசாகக் கட்டி முடித்த கடன் இன்னும் 'நிலுவை' என்று காட்டுவது
* சரியான தேதியில் கட்டிய மாதத்துக்குத் தாமதம் என்று போட்டிருப்பது
* ஒரே கடன் இரண்டு முறை ஏறியிருப்பது
* நீங்கள் வாங்காத கடன், நீங்கள் விண்ணப்பிக்காத விசாரணை
* பெயர், பிறந்த தேதி, பான், முகவரி, மொபைல் எண்ணில் பிழை

திருத்தக் கேட்க முடியாதவை:

* உண்மையிலேயே தாமதமாகக் கட்டிய தவணை. பிறகு அபராதத்தோடு கட்டியிருந்தாலும், தாமதமான மாதம் தாமதமான மாதம்தான்.
* 'செட்டில்மென்ட்' செய்த கடன். 50 ஆயிரம் பாக்கிக்கு 30 ஆயிரம் கட்டி முடித்துக்கொண்டால், அது 'முடிக்கப்பட்டது' என்று வராது, 'செட்டில் செய்யப்பட்டது' என்றுதான் வரும். அடுத்துக் கடன் கொடுப்பவர் அதை 'முழுசா கட்டலை' என்றுதான் படிப்பார்.
* நண்பனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அவன் கட்டாவிட்டால் உங்கள் அறிக்கையிலும் தெரியும்.
* ஸ்கோர் எண். 'எனக்கு 640 போட்டிருக்காங்க, 700 போடணும்' என்று புகார் தர முடியாது. பதிவைத்தான் எதிர்க்கலாம். பதிவு திருந்தினால் ஸ்கோர் தானாக மாறும்.

சட்டத்தின் 21ஆவது பிரிவு என்ன சொல்கிறது?

இந்த விஷயத்தில் மையமான பிரிவு இதுதான். உங்கள் கடன் தகவல் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், கடன் தகவல் நிறுவனத்திடமோ கடன் கொடுத்த நிறுவனத்திடமோ திருத்தச் சொல்லிக் கேட்கலாம். கேட்ட 30 நாட்களுக்குள் அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

ஆனால் அதே பிரிவில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. பலருக்குத் தெரியாதது இதுதான்.

முதல் நிபந்தனை: கடன் கொடுத்த நிறுவனம் 'ஆமாம், இந்தத் திருத்தம் சரி' என்று சான்றளித்தால்தான் சிபில் போன்ற நிறுவனம் பதிவை மாற்ற முடியும். நீங்கள் எவ்வளவு ரசீது காட்டினாலும் சிபில் தானாகவே மாற்ற சட்டத்தில் இடமில்லை. உங்கள் புகாரை வாங்கி, கடன் கொடுத்தவருக்கு அனுப்பி, 'இவர் சொல்றது சரியா?' என்று கேட்பதுதான் அவர்கள் வேலை.

இரண்டாவது நிபந்தனை: அந்தத் தகவல் தொடர்பான தகராறு நீதிமன்றத்திலோ, தீர்ப்பாயத்திலோ, சமரசத் தீர்ப்பாளரிடமோ நிலுவையில் இருந்தால் திருத்தம் செய்யக்கூடாது. அதுவரை கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுவே எடுத்துக்கொள்ளப்படும். அதாவது, கோபத்தில் முதல் வேலையாகக் கேஸ் போட்டால், கேஸ் முடியும் வரை தவறான பதிவு அப்படியே உறைந்து நிற்கலாம்.

ஆக, சாவி இருப்பது சிபிலிடம் இல்லை. கடன் கொடுத்த வங்கியிடமும் ஃபைனான்ஸ் நிறுவனத்திடமும்தான். அதனால் புகார் இரண்டு இடத்துக்கும் போக வேண்டும்.

30 நாள் = 21 + 9. தவறினால் நாளுக்கு ரூ.100

2023 அக்டோபர் 26ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஆறு மாதம் கழித்து, 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. சட்டத்தில் இருந்த 30 நாள் கெடுவுக்குப் பல் கொடுத்தது இந்தச் சுற்றறிக்கைதான்.

* புகார் தந்த நாளிலிருந்து 30 காலண்டர் நாட்களுக்குள் தீர்வு வேண்டும். ஞாயிறு, பண்டிகை விடுமுறை எல்லாம் இதில் அடக்கம்.
* கடன் கொடுத்த நிறுவனம் 21 நாட்களுக்குள் திருத்திய தகவலை அனுப்ப வேண்டும். மீதி 9 நாள் கடன் தகவல் நிறுவனத்துக்கு.
* 30 நாள் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் புகார்தாரருக்கு ரூ.100 இழப்பீடு.
* 21 நாளில் அனுப்பாதது கடன் கொடுத்தவர் என்றால் அவர் தர வேண்டும். அவர் நேரத்துக்கு அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் தாமதித்தால் அந்த நிறுவனம் தர வேண்டும்.
* புகார் தீர்ந்த ஐந்து வேலை நாட்களுக்குள் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜூன் 1ஆம் தேதி புகார் தருகிறீர்கள். கெடு ஜூலை 1. ஜூலை 21ஆம் தேதிதான் பதிவு திருந்துகிறது என்றால் 20 நாள் தாமதம். உங்களுக்கு வர வேண்டியது 2,000 ரூபாய்.

இதற்காகத்தான் புகார் படிவத்தில் வங்கிக் கணக்கு எண் அல்லது யுபிஐ ஐடி தர இடம் வைக்கச் சொல்லியிருக்கிறது ரிசர்வ் வங்கி. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.

புகாரை நிராகரித்தாலும் ஏன் நிராகரித்தோம் என்று காரணம் சொல்லியாக வேண்டும். 'உங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை' என்ற ஒற்றை வரி போதாது.

ஒரு எச்சரிக்கை: ஸ்கோர் கணக்கிடும் முறை பற்றிய புகாருக்கும், ஏற்கனவே நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ உள்ள புகாருக்கும் இந்த இழப்பீடு பொருந்தாது.

சரி, என்ன செய்யணும்? படிப்படியாக...

1. நான்கு அறிக்கையையும் எடுங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 ஜனவரி முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நான்கு நிறுவனங்களின் இணையதளத்திலும் போய் எடுக்கலாம். 'பார்த்தாலே ஸ்கோர் குறையும்' என்பது வதந்தி. உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

2. மாத வாரியான கட்டத்தைப் படியுங்கள். ஒவ்வொரு கடனுக்கும் கீழே 36 மாதம் வரைக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். சிபில் அறிக்கையில் '000' என்றால் தாமதம் இல்லை. '030' என்றால் 30 நாள் தாமதம். 'எக்ஸ்எக்ஸ்எக்ஸ்' என்றால் அந்த மாதத் தகவலைக் கடன் கொடுத்தவர் அனுப்பவில்லை என்று பொருள். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

3. ஆதாரத்தைச் சேருங்கள். கடன் முடிப்புச் சான்று, கடைசித் தவணை ரசீது, பணம் போனதைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றும் இருந்தால் பலம். மொபைல் இஎம்ஐ, பைக் லோன் முடித்த எல்லோரும் செய்யத் தவறுவது அந்த முடிப்புச் சான்றை எழுத்தில் வாங்குவதைத்தான். கடன் முடிந்து வருஷங்கள் ஆகியிருந்தாலும் கேளுங்கள்.

4. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். கிளையில் போய் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது எண்ணிக்கையில் வராது. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கடன் எண், எந்தப் பதிவு தவறு, எப்படி இருக்க வேண்டும் என்று மூன்றே வரியில் எழுதினால் போதும்.

5. அதே நாளில் கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தில் 'டிஸ்பியூட்' பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது. பதிவு செய்ததும் ஒரு எண் தருவார்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 30 நாள் கடிகாரம் எந்தத் தேதியில் ஓடத் தொடங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி. நான்கு அறிக்கையில் எத்தனையில் தவறு இருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனியாகப் பதிவு செய்யணும்.

6. காலண்டரில் 30ஆம் நாளைக் குறியுங்கள். இடையில் புதுக் கடனுக்கு நாலு இடத்தில் விண்ணப்பித்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு விசாரணையாக அறிக்கையில் ஏறும்.

30 நாள் ஆகியும் பதில் இல்லை என்றால்?

அடுத்த படி, ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன். 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்துக்குள் கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் 1 முதல் கொண்டுவரப்பட்டன. அதனால் வங்கி மீது மட்டுமல்ல, சிபில் மீதும் இங்கே புகார் தரலாம்.

இதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் 'சிஎம்எஸ்' எனப்படும் புகார் தளத்தில் பதிவு செய்யலாம். இணையம் கஷ்டம் என்றால் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். கடிதம் எந்த மொழியிலும் இருக்கலாம், தமிழில் எழுதினாலும் ஏற்பார்கள். சந்தேகம் கேட்க 14448 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம்.

ஒரே நிபந்தனை, முதலில் நிறுவனத்திடம் புகார் தந்திருக்க வேண்டும். 30 நாளில் பதில் வராமலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாமலோ இருந்தால்தான் ஆம்புட்ஸ்மேன். திருப்தி இல்லை என்றால் தள்ளிப்போடாமல் உடனே போய்விடுங்கள்.

கடன் கொடுத்தது சின்ன ஃபைனான்ஸ் நிறுவனம், இந்தத் திட்டத்துக்குள் வரவில்லை என்றால்? ரிசர்வ் வங்கியின் மண்டல அலுவலகங்களில் இருக்கும் நுகர்வோர் கல்வி மற்றும் பாதுகாப்புப் பிரிவுக்குப் போகலாம்.

தவறான பதிவால் நேர்ந்த நஷ்டத்துக்கு நாளுக்கு ரூ.100க்கு மேல் கேட்க வேண்டும் என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஒரு வழி. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலோ, வேலை செய்யும் மாவட்டத்திலோ வழக்குப் போடலாம். அதாவது சொந்த ஊர் தூத்துக்குடியாக இருந்தாலும், வேலை ஒரகடத்தில் என்றால் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே போடலாம். ஆனால் ஆணையத்துக்குப் போன பிறகு அதே புகாரை ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். அதனால் முதலில் நிறுவனம், அடுத்து ஆம்புட்ஸ்மேன், கடைசியாக வழக்கு என்ற வரிசைதான் நல்லது.

வாங்காத கடன் அறிக்கையில் வந்தால்?

2022 பிப்ரவரியில் 'தனி' என்ற கடன் செயலி தொடர்பாக நாடு முழுக்க ஒரு சர்ச்சை எழுந்தது. தங்கள் பான் எண்ணை யாரோ பயன்படுத்திக் கடன் வாங்கியதாகவும், அது தங்கள் கடன் அறிக்கையில் ஏறியிருப்பதாகவும் பலர் சமூக வலைதளங்களில் பதிவிட்டார்கள். நடிகை சன்னி லியோனும் அவர்களில் ஒருவர். அவர் பெயரில் ஏறியிருந்தது வெறும் 2,000 ரூபாய் கடன். பதிவு வைரலானதும் அவருடைய பிரச்னை வேகமாகத் தீர்ந்தது. தீர்த்துவைத்ததற்கு நன்றியும் சொன்னார்.

நடிகையின் ட்வீட்டுக்குக் கிடைத்த வேகம், ஷிஃப்ட் முடித்து வந்து மெயில் அனுப்பும் தொழிலாளிக்குக் கிடைக்காது. அதனால்தான் எழுத்து ஆதாரம் முக்கியம். வாங்காத கடன் என்றால் மேலே சொன்ன புகார்களோடு இன்னொன்றும் செய்யுங்கள்: சைபர் குற்ற உதவி எண் 1930 அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்து, அந்த ஒப்புகைச் சீட்டைக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 'இந்தக் கடன் யாருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டது? ஆவணத்தில் யார் புகைப்படம் இருக்கிறது?' என்று எழுத்தில் கேளுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லை என்பது அவர்கள் ஆவணத்திலேயே தெரிந்துவிடும்.

வேலைக்குச் சேரும்போது கொடுத்த ஆதார், பான் நகல்கள் எத்தனை கைகள் மாறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நகல் கொடுக்கும்போது எதற்காக, என்ன தேதியில் கொடுக்கிறோம் என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடுவது ஒரு சின்னப் பாதுகாப்பு.

இன்னொரு பாதுகாப்பு, எஸ்எம்எஸ். கடன் கொடுக்கும் நிறுவனம் உங்கள் அறிக்கையைப் பார்க்கும்போது உங்களுக்கு எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சல் வர வேண்டும் என்று அதே 2023 அக்டோபர் 26ஆம் தேதியிட்ட மற்றொரு சுற்றறிக்கை சொல்கிறது. நீங்கள் எங்கேயும் கடன் கேட்காத நாளில் அப்படி ஒரு செய்தி வந்தால், வேறு யாரோ உங்கள் பெயரில் கேட்கிறார்கள் என்று அர்த்தம். மொபைல் எண் மாறினால் வங்கியில் முதலில் மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

லோன் மட்டும்தானே, போனால் போகட்டும் என்று விடலாமா?

விட முடியாது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இதைக் காட்டுகிறது. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, அவரது பழைய கடன் பதிவைக் காட்டி வங்கி ரத்து செய்தது. வேலை அறிவிப்பு வருவதற்கு முன்பே கடன்களை அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டார். ஆனால் மக்கள் பணத்தைக் கையாளும் வங்கிப் பணியில் நிதி ஒழுக்கம் அவசியம் என்று கூறி, வங்கியின் முடிவை நீதிமன்றம் உறுதி செய்தது.

அந்த வழக்கில் பிரச்னை உண்மையான பழைய பதிவு. ஆனால் ஷாப் ஃப்ளோரில் வேலை பார்த்துக்கொண்டே வங்கித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவரின் அறிக்கையில் இருப்பது தவறான பதிவு என்றால்? நியமன நேரத்தில் போய் 30 நாள் அவகாசம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கடன் தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தேவைப்படும் நாளுக்கு முன்பே சரிபார்ப்பதுதான் வழி.

'ஸ்கோரை ஏத்தித் தர்றோம்' என்று சொல்பவர்களை நம்பலாமா?

'ரூ.5,000 கொடுங்க, 15 நாள்ல சிபிலை க்ளீன் பண்ணித் தர்றோம்' என்று வரும் வாட்ஸ்அப் விளம்பரங்களை 21ஆவது பிரிவோடு வைத்துப் பாருங்கள். கடன் கொடுத்தவர் சான்றளிக்காமல் சிபிலே ஒரு எழுத்தை மாற்ற முடியாது என்கிறது சட்டம். அப்படியிருக்க, வெளியிலிருந்து ஒருவர் எப்படி மாற்றுவார்? பதிவு தவறு என்றால் நீங்களே இலவசமாகத் திருத்தலாம். பதிவு உண்மை என்றால் யாராலும் அழிக்க முடியாது. இரண்டில் எது என்றாலும் அந்த 5,000 ரூபாய் தேவையில்லை. அதோடு பான் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால், அடுத்த 'வாங்காத கடன்' அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதல்முறையாகக் கடன் கேட்பவர்களுக்கு?

ஸ்கோர் இல்லை என்பது குறை அல்ல. இதுவரை கடன் வாங்காதவரின் அறிக்கையில் ஸ்கோருக்குப் பதில் '-1' என்று வரலாம். முதல்முறைக் கடன்தாரரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலும் மத்திய நிதி அமைச்சகம் இதைத் தெளிவுபடுத்தியது. வருமானம் போன்ற மற்ற விஷயங்களை வங்கி பார்க்கலாம். ஆனால் 'சிபில் இல்ல, லோன் இல்ல' என்ற பதில் செல்லாது.

சட்டத்தில் இன்னும் இருக்கும் ஓட்டை

விதிகள் முன்பைவிட நன்றாகவே இருக்கின்றன. மாதம் ஒருமுறை புதுப்பித்துவந்த கடன் தகவலை, 2025 ஜனவரி 1 முதல் மாதம் இருமுறை புதுப்பிக்கச் சொன்னது ரிசர்வ் வங்கி. இழப்பீடும் வந்திருக்கிறது.

ஆனாலும் ஒரு அடிப்படைக் கேள்வி மிச்சம் இருக்கிறது. தவறான தகவலை அனுப்பியவர் யாரோ, அவரேதான் 'இது தவறா, சரியா' என்றும் சொல்ல வேண்டும் என்பதுதான் 21ஆவது பிரிவின் ஏற்பாடு. ஃபைனான்ஸ் நிறுவனம் 'எங்கள் கணக்கு சரி' என்று பதில் எழுதிவிட்டால், சிபில் அதை ஏற்பதைத் தவிர வேறு வழி இல்லை. நிரூபிக்கும் சுமை முழுவதும் கடன் வாங்கியவர் தலையில் விழுகிறது. ரசீது வைத்திருப்பவர் தப்பிக்கிறார். பழைய போனோடு ரசீதையும் தொலைத்தவர் மாட்டிக்கொள்கிறார்.

நாளுக்கு ரூ.100 என்பதும் தாமதத்துக்கான தொகைதான்; தவறுக்கான தொகை அல்ல. தவறாகப் பதிவிட்டு, புகார் வந்ததும் 29ஆவது நாளில் திருத்திவிட்டால் ஒரு ரூபாய்கூட தர வேண்டியதில்லை. அதற்குள் கைநழுவிய வீட்டு லோனுக்கோ, கூடுதல் வட்டிக்கு வெளியில் வாங்கிய கடனுக்கோ இந்தச் சுற்றறிக்கையில் பதில் இல்லை.

சட்டம் மாறும் வரை, சுமை நம் பக்கம்தான். நான்கு நிறுவனங்களின் இலவச அறிக்கையை ஒரே நாளில் எடுக்காமல், மூன்று மாதத்துக்கு ஒன்று என்று பிரித்து எடுத்தால், ஆண்டு முழுக்கக் காசில்லாமல் கண்காணிக்கலாம். அடுத்த வார ஆஃப் நாளில் முதல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதில் உங்களுக்குத் தெரியாத கடன் ஒன்றாவது இருந்தால், அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாள் கெடு அந்தப் புகாரிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.